பாக்கி சவுண்ட் சர்வீஸ்

ஆதிமூலத்துக்கு நான் நாற்பத்தாறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் பட்ட கடன். அப்போது எனக்கு ஒரு நாள் கூலி நாலு ரூபாய். அந்தக் கடனைத் தீர்க்க நாற்பத்தைந்து வருஷம் பிடித்தது. கையில் காசில்லாமல் இழுத்தடித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொடுக்க நான் தயார். வாங்கத்தான் அவர் தயாரில்லை.

என் பெயர் செபாஸ்தியான். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் 'பாக்கி சவுண்ட் சர்வீஸ்' என்று பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கேட்டாவது இருப்பீர்கள். ரிஷிவந்தியம் தொடங்கி மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் கல்யாணமோ, காதுகுத்தோ, மாதா கோயில் தேரோ, முதலில் வாய் திறப்பது என் குழாய்தான். இன்று என்னிடம் இரண்டு குட்டி யானை வண்டி, ஒரு ஜெனரேட்டர், பதினோரு ஆட்கள். எல்லாம் இந்தக் கையால் சேர்த்தது. அப்பன் சொத்து என்று எனக்கு வந்தது ஒரு மண்வெட்டியும் ஒரு ஜெபமாலையும்தான்.

எங்கள் பந்தல், ஒலி, ஒளி அமைப்பாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு மூத்த உறுப்பினர்கள் எல்லாரும் தங்கள் கதையை எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் முதலில் வாங்கிய ஆம்ப்ளிபயரைப் பற்றி எழுதுவார்கள். நான் முதலில் வாங்கிய அசிங்கத்தைப் பற்றி எழுதுகிறேன். ஆம்ப்ளிபயரே அதற்குப் பிறகு வந்ததுதான்.

எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குத் தெற்கே. கிழக்குத் தெருவில் மாதா கோயிலைச் சுற்றி நாங்கள். மேற்கே நிலம் வைத்திருக்கிறவர்கள். அதில் பெரிய கை ஆதிமூலம். இருபது ஏக்கர் கரும்பு, இரண்டு கிணறு. அவர் கொல்லையில் கரும்பு வெட்டுகிற ஆட்களில் நானும் ஒருவன், வயது இருபத்துமூன்று. அந்தத் தை மாதம் அவர் தன் மகள் செந்தமிழ்ச்செல்விக்குக் காதுகுத்து வைத்தார். குழந்தைக்கு இரண்டு வயசு. ஊர் முழுக்க வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். எங்கள் தெருவுக்கும் தட்டு வந்தது.

காதுகுத்து என்றால் மொய் உண்டு. கொட்டகை வாசலில் ஒரு மேசை, அதன்மேல் நீளமான நோட்டு, பித்தளைத் தட்டு. எழுத உட்கார்ந்தவர் ஆதிமூலத்தின் மச்சான் சின்னராசு. யார் எவ்வளவு வைத்தார்கள் என்று நோட்டில் ஏறும். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பி வைப்பார்கள். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் அன்றைக்குப் புதுசாக ஒன்று சேர்த்திருந்தார்கள். டவுனிலிருந்து மைக் செட் வரவழைத்து, ஒவ்வொருத்தர் பெயரையும் தொகையையும் குழாயில் வாசித்தார்கள். அதுவரைக்கும் நோட்டுக்குள் படுத்துக் கிடந்த தொகை அன்றைக்குப் புளியமரத்தில் ஏறிக் கத்தியது.

என் சட்டைப்பையில் ஐந்து ரூபாய் நோட்டு ஒன்று. அம்மா நாலாக மடித்துக் கொடுத்தது. அதை வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வர வேண்டியது, அவ்வளவுதான் வேலை. எனக்கு முன்னால் நின்றவர் ரேஷன் கடைக்காரர். ஐம்பத்தொன்று வைத்தார். சின்னராசு எழுந்து கும்பிட்டு, வாளித் தண்ணீரில் கிடந்த கலர் பாட்டில் ஒன்றை உடைத்து அவர் கையில் கொடுத்தார். குழாய் அவர் பெயரை இரண்டு தடவை சொன்னது. அடுத்தது நான். சின்னராசு தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நீ இன்னாடா, ரெண்டா மூணா?"

ஐந்து என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"ஐம்பத்தொண்ணு எழுதுங்க."

அப்போதுதான் தலை நிமிர்ந்தது. "இன்னா சொன்ன?"

"ஐம்பத்தொண்ணு. காது குத்தறது கொழந்தைக்குத்தான, உங்களுக்கு அடைச்சிக்கிச்சா?"

எழுதிவிட்டார். எழுதிவிட்டுத் தட்டை நீட்டினார். நான் என் ஐந்து ரூபாயை வைத்தேன். தட்டு நீட்டியபடியே நின்றது.

"மீதி?"

"கூலி வந்ததும் தரேங்க. இப்ப எழுதிக்கோங்க."

கல்யாணத்துக்கு மளிகையைக் கடன் சொல்லலாம். நகையை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மொய்யைக் கடன் சொன்னவன் எங்கள் பக்கத்தில் எனக்கு முன்னால் ஒருவனும் கிடையாது, எனக்குப் பின்னாலும் இல்லை. சின்னராசு மைக்கை வாய்க்குக் கிட்டத்தில் இழுத்து, சினிமா வண்டியில் அறிவிப்பவனைப் போல நிதானமாக வாசித்தார்.

"கிழக்குத் தெரு செபாஸ்தியான். ஐம்பத்தோரு ரூபாய். அதுல வரவு அஞ்சு ரூபாய். பாக்கி, நாப்பத்தாறு ரூபாய்."

கொட்டகையே சிரித்தது. பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவன் சிரிப்பில் இலையை விட்டு மடியில் ஊற்றினான். ஆதிமூலம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மீசைக்குள் சிரித்தார். வேறொருவனாக இருந்தால் பின்பக்கமாக ஓடியிருப்பான். நான் நேராகப் பந்தியில் போய் உட்கார்ந்தேன். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். வெளியே வரும்போது சின்னராசு மேசை முன்னால் நின்றேன்.

"ஐம்பத்தொண்ணு எழுதனவனுக்குக் கலர் உண்டுல்ல?"

"பாக்கியக் குடுத்துட்டு வா, கலர் தரேன்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை கரும்புக் கொல்லையில் என்னை யாரும் செபாஸ்தியான் என்று கூப்பிடவில்லை. "பாக்கி, அந்தக் கட்டைத் தூக்கு." "பாக்கி வந்துட்டான், மீதி எங்கடா?" ஒரு நாளில் என் ஞானஸ்நானப் பேர் போய் ஊர் வைத்த பேர் நின்றுவிட்டது.

நம் பக்கத்தில் ஒருவன் சபையில் தவறாக ஒன்று செய்துவிட்டால் அதைச் சொல்ல எத்தனை வார்த்தை என்று எண்ணிப் பாருங்கள். அசடு வழிந்தான். மூக்கறுபட்டான். மூஞ்சியில் ஈ ஆடவில்லை. பேஸ்து அடித்துப்போனான். மானம் கப்பலேறிவிட்டது. என் பேத்தி ஜெனிபர் ஒரே வார்த்தையில் 'பல்பு' என்று முடித்துவிடுகிறாள். தானியக் கிடங்கு மாதிரி வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆனால் நாற்பது வருஷம் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் உட்கார்ந்து சபையைப் பார்த்தவன் சொல்கிறேன், இந்த வார்த்தைகள் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

பெரிய மனிதர் ஒருவர் மணமக்களை வாழ்த்தும்போது பெண்ணின் பெயருக்குப் பதில் மாப்பிள்ளையின் அம்மா பெயரைச் சொல்லி வாழ்த்தினார். "ஐயா வாய் தவறிட்டாரு" என்றார்கள். இன்னொருத்தர் தப்பான மண்டபத்துக்குள் போய் முதல் பந்தியில் சாப்பிட்டு, பீடா போட்டு, யாரென்றே தெரியாத மாப்பிள்ளையோடு போட்டோவும் எடுத்துக்கொண்டார். "பாவம், ஆயிரம் ஜோலி, மறதி." அதையே ஒரு கூலிக்காரன் செய்தால்? "சோத்துக்கு அலையறான்." மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் மைக் ஓடுவது தெரியாமல் பக்கத்தில் இருந்தவரிடம், "சாம்பார்ல பருப்ப வலை போட்டுத் தேடணும்" என்று சொல்ல, அது மூன்று தெருவுக்குக் கேட்டது. கடைசியில் பழி யார்மேல் விழுந்தது? "மைக்காரன் ஆஃப் பண்ணல." இருக்கிறவன் தவறினால் மறதி, இல்லாதவன் தவறினால் திமிர். நான் ஐம்பத்தொன்று என்று சொன்னதற்கு ஊர் வைத்த வார்த்தை அதுதான். திமிர். ஆமாம், திமிர்தான். இன்றைக்கும் அதில் ஒரு பைசா குறையவில்லை.

மாசி முடியும்வரை வாரக் கூலியில் மிச்சம் பிடித்தேன். அரை வயிற்றோடு இருந்து நாற்பத்தாறு ரூபாய் சேர்த்தேன். மூன்று பத்து ரூபாய் நோட்டு, இரண்டு ஐந்து ரூபாய் நோட்டு, மூன்று இரண்டு ரூபாய் நோட்டு. எடுத்துக்கொண்டு ஆதிமூலம் வீட்டுக்குப் போனேன். தொட்டியில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, மொய் பாக்கி."

பணத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். "மொய்ப் பணத்த வூட்ல வச்சி வாங்கறதில்லடா. விசேஷம் நடக்கற எடத்துல, தட்டுலதான் வாங்கணும். அடுத்த விசேஷத்துக்குப் பாக்கலாம் போ."

"அதுவரிக்கும் நோட்டுல பாக்கின்னே கெடக்குமே?"

"கெடந்துட்டுப் போவுது. நீதான எழுதச் சொன்ன?"

முறை என்று பார்த்தால் அவர் சொன்னது சரி. விசேஷ வீட்டில் வைக்காத பணம் மொய்யாகாது. அதனால் நான் சண்டை போடவில்லை. அந்த எட்டு நோட்டுகளையும் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அடுப்பு எரியாமல் கிடந்தது. அந்த டப்பாவை நான் திறக்கவில்லை. ஒரு பெரிய வெள்ளிக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில், என் பாவங்களோடு இதையும் சாமியாரிடம் சொன்னேன். "கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே மகனே" என்றார். "குடுத்தா வாங்க மாட்டேன்றாரு சாமி" என்றேன். "அப்போ அவரை அனுப்பு" என்றார்.

கரும்பு வெட்டை விட்டேன். கள்ளக்குறிச்சியில் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தேன். ஏன் அந்தத் தொழில் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். என்னை ஊருக்குக் காட்டிக் கொடுத்தது எதுவோ அதை என் கைக்குள் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தேன். மரத்தில் ஏறிக் குழாய் கட்டினேன், ஒயர் இழுத்தேன், கரண்ட் அடித்துக் கீழே விழுந்து கை பிசகிக் கிடந்தேன். நாலு வருஷத்தில் ஒரு பழைய ஆம்ப்ளிபயர், ஒரு குழாய், ஒரு பேட்டரி எனக்கென்று சொந்தமாக வாங்கினேன்.

சமவெளியில் ஒருவரும் கூப்பிடவில்லை. "பாக்கி மைக் செட்டா? பாட்டு பாதியிலே நின்னுடும், மீதிய அடுத்த கல்யாணத்துலதான் போடுவான்." முதல் ஆர்டர் கல்வராயன் மலையிலிருந்து வந்தது. வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஒரு குக்கிராமம். கூப்பிட்டவர் பெயர் சடையன், தம்பிக்குக் கல்யாணம். பஸ் போகிறவரைக்கும் பஸ், அப்புறம் குழாயைத் தலையிலும் பேட்டரியைத் தோளிலும் வைத்துக்கொண்டு நடந்தேன். சடையன் பாதி வழிக்கு வந்து பேட்டரியை வாங்கிக்கொண்டார்.

"உன்ன இன்னான்னு கூப்புடறது?"

"செபாஸ்தியான். கீழ பாக்கின்னு கூப்புடுவாங்க."

"ஏன்?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன், கலர் பாட்டில் உட்பட. அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் நின்றுவிட்டார்.

"புளி, கடுக்கா, தேன் எல்லாத்தையும் கீழ யாவாரிங்ககிட்ட போடறோம். எப்பப் போய்க் கேட்டாலும் பாக்கி நாளைக்கின்னு சொல்றாங்க. எங்க பாக்கி எல்லாம் கீழதான் கெடக்குது. நான் பொறந்ததிலேருந்து, பாக்கின்னு தானே சொல்லிக்கினு மேல ஏறி வந்தவன் நீ ஒருத்தன்தான்பா."

கல்யாணம் முடிந்து கிளம்பும்போது கூலியை எண்ணிக் கையில் கொடுத்து, ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். "அந்தப் பேரக் கொழாயிலியே எழுதிடு. நீ ஒளிச்சி வச்சாத்தான அவன் தேடி எடுத்துக் கூப்புடுவான்?"

மலை இறங்கி முதல் வேலையாகச் சிவப்பு பெயிண்ட் வாங்கினேன். குழாயின் வாயைச் சுற்றி வட்டமாக எழுதினேன். பாக்கி சவுண்ட் சர்வீஸ். என் மூன்றாம் வகுப்புக் கையெழுத்து கோணலாகத்தான் இருந்தது. தூரத்திலிருந்து படிக்க முடிந்தது, அது போதும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. குழாய் எந்த ஊரில் ஏறினாலும் நாலு பேர் வந்து, "இன்னா பேருங்க இது?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னேன். கதையில் என் பேர் ஒரு தடவை வந்தால் ஆதிமூலம் பேர் மூன்று தடவை வந்தது. ஐந்தாறு வருஷத்தில், மொய் பாக்கி வைத்த செபாஸ்தியான் மறைந்து, கூலிக்காரன் நீட்டிய நாற்பத்தாறு ரூபாயை வாங்காத ஆதிமூலம் பிரபலமாகிவிட்டார். நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் நடந்ததைத் தடுக்கவும் இல்லை.

என் கல்யாணமும் அந்தப் பேரில்தான் நடந்தது. சங்கராபுரம் பக்கத்தில் பெண் பார்த்தோம். பெண்ணின் அப்பா ஊரில் வந்து விசாரித்துவிட்டு, "கடன்காரன் போல இருக்குது, பாக்கின்னே பேரு" என்று பின்வாங்கினார். பெண் மார்கரெட் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாளாம். "பாக்கின்னுதான பேரு? ஓடிப்போனவன்னு பேரு இல்லியே?" நாற்பது வருஷமாக அந்த வாய்க்கு நான் அடங்கி நடக்கிறேன். வேறு எந்த வாய்க்கும் அடங்கியதில்லை.

தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் ஆதிமூலமே கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீ வாங்கி வரச் சொன்னேன்.

"பேர மாத்துடா" என்றார். "மில்லுக்குக் கரும்பு ஏத்திக்கினு போனா, எடை போடறவன் கேக்கறான், பாக்கி ஆதிமூலம் நீங்கதானான்னு. சொந்தக்காரங்க வூட்ல கேக்கறாங்க. எனக்குத் தலகாட்ட முடியல."

"நாப்பத்தாறு ரூபாய வாங்கிக்கோங்க முதலாளி. மாத்திடறேன்."

"நீ பேர மாத்து. வாங்கிக்கறேன்."

"பணம் மொதல்ல."

"பேரு மொதல்ல."

டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. அவர் குடிக்கவில்லை. ஆனால் போகும்போது டீக்கடைக்காரனிடம் நின்று அந்த டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். என்னிடம் கடன்படக் கூடாதாம். அந்த வீம்பு எனக்குப் பிடித்திருந்தது. என் ஜாதகத்திலும் அதே வீம்புதான்.

தொண்ணூற்றெட்டில் அந்தக் காதுகுத்திய பெண் செந்தமிழ்ச்செல்விக்குக் கல்யாணம். அடுத்த விசேஷம் வந்துவிட்டது என்று டப்பாவைத் துடைத்து வைத்தேன். கிழக்குத் தெருவில் வீட்டுக்கு வீடு பத்திரிகை வந்தது. என் வாசலை மட்டும் தாண்டிப் போனது. அழைக்காத வீட்டுக்குப் போய் மொய் வைப்பது, மொய்யைக் கடன் சொல்வதைவிடப் பெரிய அசிங்கம். ஒரு அசிங்கம் எனக்குப் போதும். டப்பாவைத் திரும்பப் பரணில் வைத்தேன்.

என்னிடம் ஒரு சட்டம் உண்டு, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். என் மைக்கில் மொய்த் தொகையை வாசிக்கக் கூடாது. பேர் சொல்லலாம், ஊர் சொல்லலாம், தொகை கிடையாது. முதல் ஆர்டரிலிருந்து இதுதான். இதனால் நான் இழந்த ஆர்டர்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பணக்கார வீட்டில் பாதி விசேஷத்தில், "நான் காசு குடுத்துக் கூப்ட்ட மைக்ல நான் சொல்றதத்தான் படிக்கணும்" என்று குதித்தார்கள். ஆம்ப்ளிபயரை அணைத்து, மரத்திலேறிக் குழாயை அவிழ்த்துக்கொண்டு வாடகை வாங்காமல் வந்துவிட்டேன். அன்று அந்த வரிசையில் பத்து ரூபாயைக் கைக்குள் மடித்துக்கொண்டு நின்றவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். மேலே ஏறியிருந்தேன் அல்லவா, எல்லாம் தெரிந்தது.

போன வருஷம் வைகாசியில் ஒரு ஷேர் ஆட்டோ கடை முன்னால் நின்றது. நாற்பத்தேழு வயசுப் பெண்மணி ஒருத்தர் தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு இறங்கினார். செந்தமிழ்ச்செல்வி.

"அண்ணே, எம் பையன் பிரவீன்குமாருக்குக் கல்யாணம். இங்கியே டவுன்லதான் மண்டபம். மைக் செட்டும் நீங்கதான் போடணும், மொய்க்கும் நீங்க வரணும்."

"உங்கப்பா சம்மதிச்சாரா?"

"அவருக்கு இன்னும் சொல்லல. சொன்னா இன்னா? நீங்க மொய் வச்சது எங் காதுக்குத்தான? அவரு காதுக்கா வச்சீங்க?" என்று சொல்லித் தோட்டைத் தொட்டுக் காட்டினாள். "பள்ளிக்கூடத்துல என்ன இன்னான்னு கூப்புடுவாங்க தெரியுமா? பாக்கிக் காது. ஒரு காதுக்குத்தான் மொய் வந்துச்சாம், இன்னொரு காது கடன்ல குத்தனதாம். எத்தினி நாள் அழுதுகினு வந்திருக்கேன். வந்து முடிச்சிடுங்கண்ணே."

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அந்தப் பேரை நான் ஒருவனே சுமப்பதாக நினைத்திருந்தேன். இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு யோசனை. மகன் ராபினை அனுப்பி நாற்பத்தாறாயிரம் ரூபாய் புது நோட்டாக எடுத்து வரச் சொன்னேன். நாற்பத்தாறுக்கு நாற்பத்தாறாயிரம். அந்த மேசையில் அடுக்கி வைத்தால் ஆதிமூலம் மூஞ்சி எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்து ரசித்தேன். மார்கரெட் முறத்தை வைத்துவிட்டு வந்தாள்.

"நீ பட்ட கடன் எவ்ளோ?"

"நாப்பத்தாறு."

"அப்ப நாப்பத்தாறாயிரம் குடுத்தா அது பெரும. கடன் அப்புடியேதான் நிக்கும். அன்னிக்கு அஞ்சு இருக்கறப்ப ஐம்பத்தொண்ணுன்ன. இன்னிக்கும் அதே வாய்தானா?"

பரணில் ஏறி டப்பாவை நானே எடுத்தேன். நோட்டுகள் பவுடர் வாசனையோடு அப்படியே இருந்தன. நாட்டில் ஐநூறும் ஆயிரமும் ஒரே நாளில் செல்லாமல் போன காலத்திலும் என் நாற்பத்தாறு ரூபாய் செல்லும் பணமாகவே இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் மொய் மேசை. இப்போது நோட்டு இல்லை, கம்ப்யூட்டர். தட்டச்சு செய்தது கோகிலவாணி என்று ஒரு பெண். தொகையைத் தட்டினால் ரசீது வருகிறது. மேசைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆதிமூலம். வயசு எண்பத்தாறு. சின்னராசு போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. மகள் காலையில்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். கிழவர் சண்டை போடவில்லையாம். பீரோவைத் திறக்கச் சொல்லி, அந்தப் பழைய நீள நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் வரிசையில் நின்றே வந்தேன்.

"பேரு சொல்லுங்க தாத்தா" என்றாள் கோகிலவாணி.

"பாக்கி செபாஸ்தியான்."

"எவ்ளோ?"

"நாப்பத்தாறு."

"நாப்பத்தாறாயிரமா?"

"நாப்பத்தாறு ரூபா."

விரல் நின்றது. "நூறுக்குக் கம்மியா இதுவரைக்கும் யாரும் வைக்கலியே தாத்தா."

"இது கம்ப்யூட்டர் பொறக்கறதுக்கு முந்தின மொய்மா."

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "அந்தப் பொண்ண வுடு. இங்க வாடா." கொஞ்சம் பொறுத்து, "இங்க வாப்பா" என்றார். போனேன். நோட்டைப் பிரித்து, கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். என் பேர், தொகை, வரவு, பாக்கி. மை பழுப்பாகிவிட்டது.

"பேர மாத்தனியா?"

"இல்ல."

"மாத்துவியா?"

"மாட்டேன் முதலாளி. பேத்தி வரிக்கும் அந்தப் பேர்லதான் சோறு துன்னுக்கினு இருக்கறோம்."

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்வி மேடையிலிருந்து இறங்கி வந்து நின்றாள். கிழவரின் தாடை இரண்டு தடவை அசைந்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"சரி" என்றார். "அப்ப மைக்ல படிக்கச் சொல்லு. கெழக்குத் தெரு செபாஸ்தியான், நாப்பத்தாறு ரூபா வரவு, பாக்கி தீந்துதுன்னு. அன்னிக்குக் கேட்டவங்க புள்ளைங்க, பேரனுங்க எல்லாம் இங்கதான் இருக்கறாங்க. கேக்கட்டும்."

மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் என் ஆள் அமல். என்னைப் பார்த்தான். அவன் விரல் சுவிட்சின் மேல். நாற்பத்தைந்து வருஷமாக நான் கேட்க விரும்பியது அந்த வாசகம்தான். கனவில்கூடக் கேட்டிருக்கிறேன். என் சொந்தப் பெட்டிகள், என் சொந்தக் கரண்ட், மண்டபம் நிறைய ஜனம். தலையை ஆட்டினால் போதும்.

எனக்குப் பின்னால் நின்றவர் ஒரு கட்டட வேலைக்காரர், விரலெல்லாம் சிமெண்ட். நூறு ரூபாயைச் சின்னதாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தார். அவரும் அமல் கையிலிருந்த மைக்கைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எம் மைக்ல தொக படிக்கறதில்ல முதலாளி" என்றேன். "உங்களுக்கும் கெடையாது. எனக்கும் கெடையாது."

"அப்ப ஊருக்கு எப்புடிடா தெரியும்?"

"ஊரு தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போவுது? உங்க நோட்டுக்குத் தெரிஞ்சாப் போதும்."

அமல் மைக்கைக் கீழே வைத்தான். ஆதிமூலம் கோகிலவாணியிடம் பேனா வாங்கி, பாக்கி என்ற வார்த்தையின் மேல் ஒரு கோடு இழுத்தார். கோடு கோணலாகப் போய்ப் பக்கத்து வரியில் இருந்த ரேஷன் கடைக்காரர் பெயரையும் சேர்த்து அடித்தது.

"தட்டு எங்க? தட்டுலதான வாங்கணும்?" என்றேன்.

கம்ப்யூட்டர் மேசையில் தட்டு இல்லை, ஒரு கல்லாப்பெட்டிதான். செல்வி உள்ளே ஓடப் பார்த்தாள்.

"வாணாம், நில்லு" என்றார் ஆதிமூலம். வலது கையை மடியிலிருந்து எடுத்து, விரித்து, என் முன்னால் நீட்டினார். கரும்புக் கொல்லையில் சனிக்கிழமை சனிக்கிழமை அந்தக் கை மேலேயிருந்து என் கையில் காசு போட்டிருக்கிறது. அந்த உள்ளங்கையை அன்றுதான் பார்க்கிறேன். என்னுடையதைப் போலவே அதிலும் காய்ப்பு இருந்தது.

"கலர் உண்டா?" என்று கேட்டேன்.

"மொதல்ல எண்ணுடா."

டப்பாவைத் திறந்தேன். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, ஆனால் வாயைத் திறக்காமல், ஒவ்வொன்றாக வைத்தேன். அவர்தான் உதட்டுக்குள் எண்ணினார். பத்து. இருபது. முப்பது. முப்பத்தஞ்சு. நாப்பது. நாப்பத்திரண்டு. நாப்பத்துநாலு. கடைசி இரண்டு ரூபாய் நோட்டின் மூலை மடங்கியிருந்தது. கட்டை விரலால் நீவி நிமிர்த்தி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

நாப்பத்தாறு.